உரியவரிடம் மட்டும்

நன்றி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குத் தலைவலி வந்த காலம் ஒன்று உண்டு. யாராவது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், உள்ளதைத்தானே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் படைவீரர். கடல் தாண்டி ஒரு நாட்டில் இரண்டு கூட்டம் அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் அடித்துக்கொள்ளாதபடி நடுவில் நின்று பார்த்துக்கொள்ள இவருடைய பிரிவை அனுப்பினார்கள். ஒன்பது மாதத் தவணை. அவர் அங்கே இரண்டு கூட்டத்துக்கு நடுவில் நின்றார். நான் இங்கே, குடியிருப்பின் மூன்றாம் மாடியில், ஒரே கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். எது கஷ்டம் என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல மாட்டேன்.

எல்லாவற்றையும் தொடங்கிவைத்தவர் எங்கள் குடியிருப்பின் செயலாளர். நீர்வாரியத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே கோப்புதான் பார்த்தார், குழாய் பார்க்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். என் வீட்டுக்காரர் போன அதே வாரத்தில் அவர் கூட்டம் போட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். "நமக்காக அவர் அங்க நிக்கிறாரு. அவர் வீட்டை நாம பாத்துக்கணும். அந்த அம்மாவுக்கு ஒரு குறை வரக்கூடாது." எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். என்னைப் பற்றித்தான் தீர்மானம் என்பது கை தூக்கிய பிறகுதான் உறைத்தது.

அன்றிலிருந்து ஒரு தீப்பெட்டியைக்கூட நானாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனதில்லை. படியில் கால் வைத்தால் போதும், யாராவது வந்து பையைப் பிடுங்கிக்கொள்வார்கள். என் வீட்டுக் குப்பையைக் கொட்டுவதற்கு இரண்டு பேர் போட்டி போட்டு, பை கிழிந்து, படி முழுக்கக் குப்பை. அதைப் பெருக்க நாலு பேர் போட்டி. எதிர்வீட்டு அக்கா காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் வந்து என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இளைச்சுட்ட" என்பாள். முதல் ஏழு மாதத்திலேயே நான் ஆறு கிலோ ஏறியிருந்தேன்.

அப்புறம் குழாய். மூன்றாவது மாதத்தில் என் சமையலறைக் குழாய் சொட்டத் தொடங்கியது. வாஷர் போயிருக்கும், வேறு ஒன்றுமில்லை. வாய் தவறி எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன். பத்து நிமிடத்தில் செயலாளர் கையில் ஸ்பேனரோடு நின்றார். "நீர்வாரியத்துல இருந்தவன்மா நான்" என்றார். சொட்டுச் சொட்டாக ஒழுகிய குழாய் அவர் கைபட்டதும் நூலாக ஒழுகத் தொடங்கியது. மறுவாரம் வந்து மறுபடியும் சரிசெய்தார், அது விசிறியாக மாறியது. நான் ஒரு வாளியைக் கீழே வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பார்க்கும்போதெல்லாம், "குழாய் எப்படிம்மா இருக்கு?" என்பார். "நல்லா இருக்கு ஐயா" என்பேன். வேறு என்ன சொல்ல?

இப்படியெல்லாம் கேலி பேசுகிறேனே என்று என்னை நன்றி கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தாவது மாதத்தில் ஒருநாள் காலை செய்தியில், அவர் இருந்த முகாமுக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தது என்றார்கள். நான் வேலை பார்க்கும் சலவைக் கடையில் இருந்தேன். முதலாளியம்மா கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இஸ்திரி அண்ணன், பத்தொன்பது வருடத்தில் ஒரு கைக்குட்டையைக்கூடப் பொசுக்காத மனிதர், அன்றைக்கு ஒரு முழுக்கால் சட்டையைப் பொசுக்கினார். செயலாளர் படை அலுவலக வாசலிலேயே போய் நின்றுகொண்டார். மூன்று மணிக்கு, "நல்லா இருக்காரும்மா, ஒரு கீறல் இல்ல" என்று அவர்தான் ஃபோனில் சொன்னார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் அவர் அழுததும் கேட்டது. அப்படிப்பட்ட மனிதரிடம் போய், உங்கள் ஸ்பேனரைத் தூக்கி எறியுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் என்னால் தாங்க முடியவில்லை. முகாமில் கைபேசிக்கு அனுமதி இல்லை. ஒரே ஒரு பொதுத் தொலைபேசி. வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு நாலு மணிக்கு, ஆளுக்குப் பதினைந்து நிமிடம். நாலடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே என் கூடம் நிறைந்துவிடும். பதினேழு பேர். அவர்களே நாற்காலி கொண்டுவருவார்கள். ஃபோன் அடித்ததும் செயலாளர் ஸ்பீக்கரைப் போடுவார்.

"தம்பி! வணக்கம்! உங்களுக்கு எங்க எல்லாருடைய நன்றி!" என்று தொடங்குவார். வரிசையாக ஒவ்வொருவரும் நன்றி சொல்வார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்வார். "அவ எப்படி இருக்கா?" என்று கேட்பார். "ராணி மாதிரி இருக்காங்க! ஒரு குறையும் இல்ல!" என்று பதினேழு பேர் கத்துவார்கள். கடைசியில் ஃபோன் என் கைக்கு வரும்போது அரை நிமிடம் இருக்கும். பதினேழு ஜோடிக் கண் என் வாயையே பார்க்கும். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பேன். லைன் அறுந்துவிடும்.

ஒருமுறை ஃபோனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே சிக்னல் இல்லை. வெளியே கதவைத் தட்டி, "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று ஒரே கலவரம். அன்றைக்குப் பதினைந்து நிமிடமும் அதிலேயே போனது.

ஏழாவது மாதத்தின் கடைசி ஞாயிறு. நன்றிப் படலம் முடிந்ததும் அவர் ஒரு விஷயம் சொன்னார். "இங்க ஒரு படிவம் குடுத்திருக்காங்க. விருப்பப்பட்டா இன்னும் ஆறு மாசம் இருக்கலாமாம். வர்ற மாசம் இருபதாம் தேதிக்குள்ள சொல்லணும். என்ன செய்யறதுன்னு யோசிக்கறேன்."

வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் எழுந்து நின்றுவிட்டார். "யோசிக்கவே யோசிக்காதீங்க தம்பி! கையெழுத்துப் போடுங்க! இங்க நாங்க இருக்கோம்!"

"ஆமா ஆமா!" என்றது கூடம். கை தட்டினார்கள்.

"நீ என்ன சொல்ற?" என்று அவர் என்னைக் கேட்டார். பதினேழு முகமும் பூரிப்பில் என்னைப் பார்த்தன. நான் சிரித்தேன். நன்றாகச் சத்தமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

என்னுடைய குற்றமும் இதில் இருக்கிறது, மறைக்க மாட்டேன். அவர் கிளம்பியபோது கடையில் ஒரு சின்ன வழியனுப்பு நடந்தது. அதில் நான் வீறாப்பாக, "எத்தனை மாசமானாலும் கலங்காம காத்திருப்பேன்" என்று பேசிவிட்டேன். முதலாளியம்மா அதைப் பெரிய எழுத்தில் அடித்து, என் படத்தோடு சட்டம் போட்டு, நான் உட்காரும் மேசைக்கு மேலேயே மாட்டிவிட்டார். துணி கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. தலைக்கு மேல் அப்படி ஒரு பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு, 'எனக்கு ஒன்பது மாதமே அதிகம், வந்துவிடச் சொல்லுங்கள்' என்று எப்படிச் சொல்வது?

கடிதம் எழுதியிருக்கலாமே என்பீர்கள். கடிதமும் மாதம் ஒருமுறை போகிற பொதுப் பொட்டலத்தில்தான் போக வேண்டும். படை விதிப்படி உறையை ஒட்டக்கூடாது. ஒட்டாத உறையைச் செயலாளர் சும்மா விடுவாரா? "ஒரே விஷயத்தை ரெண்டு பேரு எழுதிடக்கூடாது பாருங்க" என்று எல்லாக் கடிதத்தையும் உரக்கப் படித்த பிறகுதான் கட்டுவார். என் மூன்றாவது மாதக் கடிதத்தில் 'அன்புள்ள' என்பதற்குப் பிறகு நான் எழுதியிருந்த ஒரு சொல்லை அவர் படித்ததும் எதிர்வீட்டு அக்கா வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் மழை, வெயில் பற்றி மட்டும் எழுதினேன்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள், புது மாதத்தின் ஒன்றாம் தேதி, கடையில் உட்கார்ந்து டேக் அடித்துக்கொண்டிருந்தபோது வழி பிறந்தது.

எங்கள் கடைக்கு வரும் ஒவ்வொரு துணியிலும் காலரின் உள்பக்கம் ஒரு டேக்கைப் பின் அடித்து வைப்போம். தண்ணீரில் ஊறினாலும் கிழியாத காகிதம். பொருள், எண்ணிக்கை, ஏற்கெனவே இருக்கும் கறை, கொடுக்க வேண்டிய தேதி எல்லாம் அதில் எழுதுவது என் வேலை. சாதாரணத் துணிக்கு வெள்ளை, அவசரத்துக்கு மஞ்சள். சிவப்பு என்று ஒன்று உண்டு. முன்பு ஒருவருடைய கோட்டை அவருடைய மச்சானிடம் கொடுத்தனுப்பிவிட்டோம். மச்சான் அதைப் போட்டுக்கொண்டு போய், இருவரும் விண்ணப்பித்திருந்த வேலையைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டான். கோட்டுக்காரர் கடை வாசலில் நின்று போட்ட சத்தத்தில் பிறந்ததுதான் சிவப்பு டேக். அதில் 'உரியவரிடம் மட்டும்' என்று அச்சடித்திருக்கும். சிவப்பு டேக் இருந்தால் யார் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டோம். ஆள் நேரில் வர வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு இது மனப்பாடம். அவர் முதன்முதலில் என்னைப் பார்த்ததே அந்த மேசையில்தான். சுத்தமாக இருந்த சட்டையையே வாராவாரம் துவைக்கக் கொண்டுவந்த மகானுபாவர். கல்யாணத்துக்குப் பிறகும் விடுமுறையில் வந்தால் என் பக்கத்தில் உட்கார்ந்து டேக் அடித்துக் கொடுப்பார்.

ஒரு சிவப்பு டேக்கை எடுத்தேன். இப்படி எழுதினேன்:

பொருள்: மனைவி. எண்ணிக்கை: ஒன்று. கறை: பிடிவாதம், வாய். எவ்வளவு துவைத்தாலும் போகாது. எடுத்துக்கொள்ள வேண்டிய தேதி: அடுத்த மாதம் முப்பது.

முப்பதுதான் அவருடைய ஒன்பது மாதம் முடியும் நாள். அதற்குக் கீழே, 'குறித்த நாளில் வந்து எடுக்காவிட்டால் கடை பொறுப்பல்ல' என்று ஏற்கெனவே அச்சாகி இருந்தது. அதன் கீழ் ஒரு கோடு இழுத்தேன். அவருக்குப் பிடித்த நீலச் சட்டையின் காலரில் பின் அடித்து, மடித்துக் கவரில் போட்டேன். செயலாளர் கடிதத்தைத்தான் படிப்பார், காலரைப் படிக்க மாட்டார்.

அடுத்த வார வியாழக்கிழமை செயலாளர் வீட்டுக் கூடத்தில் பொட்டலம் கட்டினோம். அவர் பதினான்கு ஜோடிக் காலுறை வைத்தார். நாற்பத்தைந்து டிகிரி வெயில் அடிக்கிற ஊருக்கு எதிர்வீட்டு அக்கா கம்பளிக் குல்லாய் பின்னியிருந்தாள். "வெயில் நேரா மண்டையில படாதில்ல" என்றாள். அதற்கும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. இஸ்திரி அண்ணனும் வந்திருந்தார். ஒட்டுகிற டேப் தீர்ந்துபோய், எடுத்துவர நான் என் வீட்டுக்கு ஏறினேன். இறங்கி வருவதற்குள் பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். என் ரகசியம் பத்திரமாகக் கிளம்பியது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பதினேழு பேருக்கு நடுவில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். "கையெழுத்துப் போட்டாச்சா தம்பி?" என்று செயலாளர் கேட்டார். "இன்னும் இல்லீங்க, அடுத்த வாரம் சொல்றேன்" என்றார் அவர். கேளுங்கள், கேளுங்கள், என் டேக் பறந்துகொண்டிருக்கிறது என்று மனதுக்குள் சிரித்தேன். அந்தத் திமிருக்குச் சனிக்கிழமை ஆப்பு விழுந்தது.

எங்கள் கடையில் துணியை உடையவரிடம் கொடுக்கும் முன் டேக்கை நீக்கிவிட வேண்டும். நீக்கிய டேக் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் விழும். மாதம் இருமுறை முதலாளியம்மா டப்பாவை மேசையில் கவிழ்த்து, ஒவ்வொரு டேக்கையும் பில்லோடு வைத்துப் பார்ப்பார். ஏதாவது துணி தொலைந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும். அந்தச் சனிக்கிழமை பதினெட்டாம் தேதி.

"ஒரு சிவப்பு டேக்குக்குப் பில்லையே காணோம்!" என்று திடீரென்று அலறினார். கடையே நின்றுவிட்டது. சிவப்பு டேக் துணி தொலைவது எங்கள் கடையில் கொலைக் குற்றம் மாதிரி. "யார் துணி இது? என்ன பொருள்?" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படிக்கத் தொடங்கினார். "பொருள், மனைவி. எண்ணிக்கை, ஒன்று..."

நான் மேசைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். அங்கே அழுக்குத் துணி மூட்டை இருந்தது.

"கறை, பிடிவாதம், வாய்..." என்று படித்தவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அப்புறம் என் தலைக்கு மேல் தொங்கிய சட்டத்தைப் பார்த்தார். மீதியை வாய்விட்டுப் படிக்கவில்லை.

"இதை யார் எடுத்தது?" என்று நான்தான் கேட்டேன்.

இஸ்திரி அண்ணன் நீராவிப் பெட்டியைக் கீழே வைத்தார். "நான்தான் தங்கச்சி. நீ டேப் எடுக்கப் போனப்ப சட்டையை எடுத்துச் செயலாளர் வீட்டு இஸ்திரிப் பெட்டியில இன்னொரு தேய் தேய்ச்சேன். படைக்குப் போற சட்டை, சுருக்கத்தோட போகலாமா? காலர்ல டேக் இருந்துச்சு. கடை டேக்கோட துணி வெளிய போனா நம்ம மானம் போயிடுமேன்னு எடுத்துட்டு வந்து டப்பாவுல போட்டுட்டேன்."

"எடுத்தீங்களே, படிச்சீங்களா?"

"டேக்கைப் படிக்கிறது உன் வேலைம்மா. எடுக்கிறதுதான் என் வேலை. பத்தொன்பது வருஷப் பழக்கம், கை தானா போயிடுச்சு."

அவரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை, அழுகைதான் வந்தது. ஏழு மாதமாக அடக்கிவைத்ததெல்லாம் வந்தது. "எனக்கு அவர் வேணும். ராணியும் வேணாம், ஒண்ணும் வேணாம், அவர் வந்தா போதும். இதைச் சொல்ல எனக்கு ரெண்டு நிமிஷம் தனியா கிடைக்கல" என்று துணி கொடுக்க வந்த இரண்டு பேருக்கு முன்னாலேயே தேம்பினேன். முதலாளியம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். அந்தச் சட்டத்தைக் கழற்றி, சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். டேக்கை என் கையில் கொடுத்து விரல்களை மூடிவிட்டார்.

மறுநாள் ஞாயிறு, பத்தொன்பது. அடுத்த நாள் இருபதாம் தேதிக்குள் அவர் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். நாலடிக்கப் பத்து நிமிடம், கூடத்தில் ஒருவரும் இல்லை. நாலடிக்க ஐந்து நிமிடம், அப்போதும் இல்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'இன்று மாலை நாலு முதல் நாலேகால் வரை இந்த வீட்டுக்குள் யாரும் நுழையக்கூடாது. இப்படிக்கு, செயலாளர்.' அதற்குக் கீழே பேனாவால், 'செயலாளர் உட்பட' என்று எதிர்வீட்டு அக்காவின் கையெழுத்து. நேற்றுக் கடையில் நான் அழுததை இஸ்திரி அண்ணன் வந்து சொல்லியிருக்கிறார் போலும். கூச்சல் போடுவதைப் போலவே சும்மா இருப்பதையும் இவர்கள் தீர்மானம் போட்டுத்தான் செய்வார்கள்.

ஃபோன் அடித்தது.

"ஹலோ" என்றார். "என்ன, சத்தமே இல்ல? எங்க எல்லாரும்?"

"யாரும் வரல."

"ஐயய்யோ! யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. நான் மட்டும்தான் இருக்கேன்."

என் வாயைக் கறை என்று நானே எழுதியிருக்கிறேன், அந்த வாய்க்கு அன்றைக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்றேன். "சாப்பிட்டேன்" என்றார். "வெயிலா?" என்றேன். "வெயில்தான்" என்றார். கடிகாரத்தில் நாலு நிமிடம் போயிருந்தது. ஏழு மாதம் ஏங்கிய பிறகு கிடைத்த தனிமையை இப்படி வீணாக்குகிறேனே என்று பதறினேன்.

அவரே சொன்னார். "சட்டை வந்துச்சு."

"ம்."

"காலருக்கு உள்பக்கம் ரெண்டு ஓட்டை இருக்கு. பின் அடிச்ச ஓட்டை. எத்தனை டேக் அடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? பெட்டி முழுக்கத் தேடிட்டேன், காலுறையை எல்லாம் ஒண்ணொண்ணா உதறிப் பாத்துட்டேன், டேக்கைக் காணோம். மூணு நாளா மண்டை காயுது. என்ன கலர் டேக்?"

"சிவப்பு."

"கையில இருக்கா? படி."

படித்தேன். "பொருள், மனைவி. எண்ணிக்கை, ஒண்ணு."

"ஒண்ணே போதும்பா. மேல?"

"கறை..."

"அது எனக்கே தெரியும். மேல படி."

"உரியவரிடம் மட்டும்" என்றேன். தேதியைச் சொல்ல நாலு முறை முயன்றேன், வரவில்லை. கதவுக்கு வெளியே யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"ஏன்டி இத்தனை நாளா சொல்லல?" என்றார்.

"எங்க சொல்ல விட்டாங்க?"

"வாராவாரம் கேட்டேனே. ஒரு குறையும் இல்லைன்னாங்க. நீயும் சிரிச்ச. படிவத்தைப் பத்திக் கேட்டப்பவும் சிரிச்ச. சரி, நான் இல்லாமலே வீடு நல்லா நடக்குது, அங்க போய் நான் என்ன பண்ணப்போறேன், இங்கயாவது யாருக்காவது உதவியா இருப்போம்னு..." அவர் குரல் கம்மியது. அந்த மனிதர் குரல் கம்மி நான் கேட்டதே இல்லை.

எனக்கு வந்ததே கோபம். "நல்லா நடக்குதா? குழாய் ஒழுகுது!"

"எந்தக் குழாய்?"

"சமையலறைக் குழாய்! அஞ்சு மாசமா ஒழுகுது. வாளி வச்சிருக்கேன். தினம் ரெண்டு தடவை மாத்தறேன். யாரு வந்தாலும் நிக்காது. நீங்க வந்துதான் பாக்கணும்."

"செயலாளர் அஞ்சு தடவை சரி பண்ணினதா சொன்னாரே?"

"அதனாலதான் ஒழுகுது!"

கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அஞ்சு இல்ல, நாலுதான்!"

அவர் சிரித்த சிரிப்பில் என் ஃபோன் அதிர்ந்தது. "கதவைத் திற. அவங்ககிட்டயும் ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார். திறந்தேன். படியில் மேலிருந்து கீழ்வரை பதினேழு பேரும், கூடவே இஸ்திரி அண்ணனும் முதலாளியம்மாவும், திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றார்கள். ஸ்பீக்கரை நானே போட்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார் அவர். "இங்க என் பக்கத்துக் கட்டில்காரனுக்கு எழுதறதுக்கு வீட்டுல ஆள் இல்ல. உங்க கடிதத்தை எல்லாம் அவனுக்குத்தான் படிச்சுக் காட்டறேன். அக்கா, உங்க குல்லாய் இப்ப அவன் தலையிலதான் இருக்கு, தூங்கும்போதுகூடக் கழட்ட மாட்டேங்கறான். நான் கிளம்பின பிறகும் அவனுக்கு எழுதுங்க. இவளைப் பத்திப் பயப்படாம நான் இங்க நின்னது உங்களாலதான். ஆனா ஒண்ணு, சிவப்பு டேக் வந்துடுச்சு. கடை விதி கடை விதிதான், நேர்ல வந்துதான் எடுக்கணும். படிவத்துல நாளைக்கு 'விருப்பமில்லை'ன்னு போட்டுக் குடுத்துடறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "தேதி என்ன போட்டிருக்க?"

"முப்பது" என்றேன். இந்தமுறை குரல் வந்தது.

"வந்து எடுத்துக்கறேன்" என்றார். லைன் அறுந்தது.

யாரும் நன்றி சொல்லவில்லை. எதிர்வீட்டு அக்கா அங்கேயே படியில் உட்கார்ந்து, "அந்தக் கட்டில்காரப் பையனுக்குத் தலை எத்தனை அளவு இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இஸ்திரி அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் என் சேலை முந்தானையின் சுருக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் மட்டும் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். சமையலறை வாசலில் நின்று, வாளியில் விழும் சத்தத்தை இரண்டு நிமிடம் கேட்டார். கை தன்னையறியாமல் பின்பையில் இருந்த ஸ்பேனரை எடுத்தது.

"தொடாதீங்க ஐயா" என்றேன். "அவர் வந்து பாக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். ஸ்பேனரை மறுபடியும் பைக்குள் வைத்தார். வாளி விளிம்பு வரை நிறைந்திருந்தது.

"வாளியையாவது நான் மாத்தட்டுமாம்மா?" என்றார்.

"மாத்துங்க ஐயா" என்றேன்.